செல்ஃப் எடுக்கிறது, வண்டி கிளம்பவில்லை

பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு நாள். காலை ஏழேகால் மணி. செக்கானூரணிக்கு அப்பால் உள்ள ஒரு தேர்வு மையத்தில் நாங்கள் நான்கு பேர் அறைக் கண்காணிப்பாளர்கள். பெட்ரோல் செலவைப் பங்கிட்டுக்கொண்டு என் காரில் போவது எங்கள் வழக்கம். பத்து ஆண்டுப் பழைய பெட்ரோல் வண்டி. சாவியைத் திருகினேன். செல்ஃப் நன்றாகவே எடுத்தது. 'கிர்ர் கிர்ர்' என்று எஞ்சின் சுற்றும் ஓசை கேட்டது. ஆனால் வண்டி கிளம்பவில்லை.

மறுபடி திருகினேன். மறுபடியும் அதேதான். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். பால்காரர் வண்டியை நிறுத்தினார். "தள்ளிப் பாத்தா கிளம்பிரும் சார்" என்றார்கள். எங்கள் தமிழாசிரியர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். தெருமுனை வரை தள்ளினார்கள். வண்டி ஒரு முறை குலுங்கியதே தவிர உயிர் பெறவில்லை. நான் விடாமல் செல்ஃப் அடித்துக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் 'கிர்ர்' ஓசை மெலிந்து 'டக் டக்' ஆனது. பேட்டரியும் போயிற்று. ஒரு பழுதோடு நின்ற வண்டிக்கு இரண்டாவது பழுதை நானே உண்டாக்கி வைத்தேன்.

காளவாசலுக்கு ஓடி, உசிலம்பட்டிப் பேருந்தைப் பிடித்து, முதன்மைக் கண்காணிப்பாளர் அறை ஒதுக்கீட்டை முடிக்கும் நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். அவர் எதுவும் சொல்லவில்லை. கைக்கடிகாரத்தை மட்டும் பார்த்தார்.

மாலையில் யாரையும் கேட்காமல் புதிய பேட்டரி வாங்கி மாட்டினேன். நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய். செல்ஃப் முன்பைவிட வேகமாக எடுத்தது. வண்டி அப்போதும் கிளம்பவில்லை. அதன் பிறகுதான் எங்கள் தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் போனேன். என்னைவிட மூத்தவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன்.

"வண்டி என்ன சார் பண்ணுது?"

"ஸ்டார்ட் ஆக மாட்டேங்குதுண்ணே."

"அது, என்ன பண்ணலைங்கிறது. என்ன பண்ணுதுன்னு சொல்லுங்க."

இருபது ஆண்டுகளாக இயற்பியல் நடத்துகிறேன். அந்தக் கேள்விக்கு என்னிடம் உடனே பதில் இல்லை.

யோசித்துப் பாருங்கள். செல்ஃப் எடுக்கிறது என்றால் எத்தனை விஷயங்கள் சரியாக இருக்கின்றன என்று வண்டியே சொல்லிவிட்டது. பேட்டரியில் மின்சாரம் இருக்கிறது. அதன் தடித்த கம்பிகளும் முனைகளும் நன்றாக இருக்கின்றன. சாவி போடும் இடத்திலிருந்து ஸ்டார்ட்டர் மோட்டாருக்குக் கட்டளை போகிறது. மோட்டார் சுழல்கிறது. அதன் பல்சக்கரம் எஞ்சின் சக்கரத்தைப் பிடிக்கிறது. எஞ்சின் இறுகிப் போகவில்லை. இவ்வளவும் சரி என்றால் அங்கே பணம் செலவழிக்க வேண்டியதில்லை. புது பேட்டரி வாங்கிய நான் சரியாக இருந்த பக்கத்தைத்தான் மறுபடி சரி செய்திருக்கிறேன்.

தள்ளியதும் அப்படித்தான். வண்டியைத் தள்ளினால் சக்கரங்கள் கியர் வழியாக எஞ்சினைச் சுற்றுகின்றன. ஸ்டார்ட்டர் மோட்டார் செய்வதும் எஞ்சினைச் சுற்றுவதுதான். மோட்டார் நன்றாகச் சுற்றும்போது நான்கு ஆட்கள் சேர்ந்து சுற்றினால் மட்டும் என்ன புதிதாக நடந்துவிடும்? தள்ளுவது, செல்ஃப் எடுக்காத வண்டிக்கான மருந்து. பழைய அம்பாசிடர் காரின் முன்பக்கத்தில் ஹேண்டில் செருக ஒரு துளை இருக்கும். நம்மில் பலர் பார்த்திருப்போம். அந்தக் காலத்தில் கையால் சுற்றித்தான் எஞ்சினை எழுப்பினார்கள். ஹேண்டில் எதிர்த்திசையில் உதைத்துக் கை முறிந்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் வந்த பிறகுதான் அந்த வேலை மெல்ல மோட்டாரின் பொறுப்பானது. ஹேண்டில், தள்ளுதல், செல்ஃப் மூன்றும் ஒரே வேலையைச் செய்பவை.

சுற்றிவிட்ட எஞ்சின் தானாக ஓடத் தொடங்க மூன்று தேவை: எரியக்கூடிய கலவை, அதைப் போதுமான அளவு அழுத்துதல், சரியான நொடியில் ஒரு பொறி. எரிபொருள் பெட்ரோலாகத்தான் இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலுக்குக் கடும் தட்டுப்பாடு வந்தது. அப்போது நம் மதுரையின் டி.வி.எஸ். நிறுவனம் கரியிலிருந்து எரிவாயு உண்டாக்கும் கலன்களைத் தயாரித்தது. அவற்றைப் பொருத்திய பேருந்துகள் கரி வாயுவில் ஓடின. கரியை அரைகுறையாக எரிக்கும்போது கிடைக்கும் கார்பன் மோனாக்சைடு அந்த எஞ்சினுக்குப் போதுமானதாக இருந்தது. மூன்று தேவைகளும் நிறைவேறினால் எஞ்சின் ஓடும். ஒன்று குறைந்தாலும் எவ்வளவு சுற்றினாலும் ஓடாது.

மெக்கானிக் அண்ணன் முதலில் சாவியை முழுக்கத் திருகவில்லை. 'ஆன்' நிலை வரை மட்டும் திருகினார். "பேசாம இருங்க" என்று சொல்லிவிட்டுப் பின் இருக்கையில் காதை வைத்தார். நானும் வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. "கேக்கலைல்ல? அதான்" என்றார்.

இன்றைய பெட்ரோல் கார்களில் பெரும்பாலானவற்றில் எரிபொருள் பம்ப் டாங்கியின் உள்ளேயே இருக்கிறது. சாவியை ஆன் செய்தவுடன் அது இரண்டு மூன்று வினாடிகள் 'ம்ம்ம்' என்று இரையும். தினமும் காதில் விழும் ஓசைதான். கேட்டுப் பழகவில்லை என்பதால் அது இல்லாமல் போனதும் நமக்குத் தெரிவதில்லை. அந்த ஓசை இல்லை என்றால் பம்புக்கு மின்சாரம் வரவில்லை, அல்லது பம்ப் பழுது. முதலில் பார்க்க வேண்டியது உருகி. உருகிப் பெட்டியின் மூடியிலேயே எது எதற்கு என்று படம் போட்டிருக்கும். என் வண்டியில் பம்புக்கான 15 ஆம்பியர் உருகியின் நடுக்கம்பி அறுந்து கிடந்தது. புதிதாக ஒன்றைச் செருகினார். 'ம்ம்ம்' கேட்டது. செல்ஃப் அடித்தார். வண்டி ஓடியது.

நான் பர்ஸை எடுத்தேன். அவர் வண்டியை அணைத்துவிட்டார்.

"உருகி போனது சரி சார். ஏன் போச்சு?"

வகுப்பில் நான் கேட்க வேண்டிய கேள்வி அது. பம்ப் இயல்பாக இழுப்பது ஏறக்குறைய 5 ஆம்பியர். 15 ஆம்பியர் உருகி சும்மா உருகாது. பின் இருக்கையைத் தூக்கிப் பார்த்தார். எலி கம்பியின் மேலுறையைக் கடித்திருந்தது. உள்ளே இருந்த செம்பு வண்டியின் இரும்பு உடலை அவ்வப்போது தொட்டுக் குறுக்குச் சுற்று ஏற்பட்டிருக்கிறது. பக்கத்திலேயே சான்றும் கிடந்தது: மாலை நேர வகுப்புப் பிள்ளைகளுக்காக வாங்கி, இருக்கைக்கு அடியில் விழுந்து, நான் மறந்துபோன கடலை மிட்டாய்ப் பொட்டலம். கம்பிக்குப் புதிய உறை போட்டார். எல்லாம் சேர்த்து இருநூற்றைம்பது ரூபாய். "சில பேரு 15க்குப் பதிலா 30 போட்டு அனுப்பிருவாங்க. உருகி போகாது, வண்டிதான் போகும்" என்றார். மின்னோட்டவியல் பாடத்தில் உருகிக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் கேட்டதில்லை.

பம்ப் ஓசை கேட்டும் வண்டி கிளம்பாவிட்டால்? டாங்கியில் பெட்ரோல் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். அளவுமானியின் முள் பொய் சொல்வதுண்டு. அடுத்து முகப்புப் பலகையின் விளக்குகள். சாவிப் படம் போட்ட விளக்கு விடாமல் மின்னினால், சாவிக்குள் இருக்கும் சில்லை வண்டி அடையாளம் காணவில்லை என்று பொருள். பல வண்டிகளில் செல்ஃப் எடுக்கும், ஆனால் கணினி எரிபொருளைத் தராது. வீட்டில் இருக்கும் மாற்றுச் சாவியைப் போட்டுப் பார்க்கலாம். எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு, சாவியை ஆன் செய்ததும் எரிய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல நேரங்களில் கணினிக்கே மின்சாரம் போகவில்லை.

வெயிலில் ஓடி நின்ற வண்டி கிளம்பாமல், அரை மணி நேரம் ஆறியதும் ஒன்றும் நடக்காதது போலக் கிளம்பினால் கிராங்க் உணரியைச் சந்தேகிக்கலாம். எஞ்சினின் சுழல்தண்டு எந்த நிலையில் இருக்கிறது என்று கணினிக்குச் சொல்லும் சிறு கருவி அது. பல வண்டிகளில் அது ஒரு காந்தமும் கம்பிச்சுருளும்தான். பல்சக்கரத்தின் ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது காந்தப் பாயம் மாறி மின்னியக்கு விசை தூண்டப்படுகிறது. ஒன்பதாம் வகுப்பில் நாம் நடத்தும் மின்காந்தத் தூண்டலேதான். சுருளின் உள்ளே கம்பி விட்டுப் போயிருந்தால் சூட்டில் விரிந்து தொடர்பு அறும்; ஆறினால் ஒட்டிக்கொள்ளும். சுழல்தண்டு இருக்கும் இடம் தெரியாத கணினி பொறியும் தராது, பெட்ரோலும் தராது. சித்திரை மாதத்து மதுரையில் இந்தப் பழுது அதிகம் என்கிறார் மெக்கானிக் அண்ணன்.

பொறியைத் தருவது பற்றவைப்புச் சுருள். 12 வோல்ட்டை இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் உயர்த்துகிறது. இங்கே நன்றாகப் படிக்கும் மாணவர்கள் கட்டாயம் ஒரு கேள்வி கேட்பார்கள். கேட்காவிட்டால் நாமே கேட்கலாம். மின்மாற்றி நேர்மின்னோட்டத்தில் வேலை செய்யாது என்று நடத்தினோம். பேட்டரி தருவதோ நேர்மின்னோட்டம். பிறகெப்படி? முதன்மைச் சுருளில் ஓடும் மின்னோட்டம் சட்டென்று துண்டிக்கப்படுகிறது. அந்தத் துண்டிப்பில் காந்தப் புலம் நொடியின் சிறு பகுதிக்குள் சரிகிறது. அந்த மாற்றம்தான் துணைச் சுருளின் பல ஆயிரம் சுற்றுகளில் உயர் மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. இதைக் கரும்பலகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பழைய வண்டிகளில் பிளக் கம்பியைக் கழற்றி எஞ்சின் அருகே பிடித்துப் பொறி வருகிறதா என்று பார்ப்பார்கள். அதை மாணவர்கள் முன் செய்து காட்டவும் வேண்டாம், நீங்கள் செய்யவும் வேண்டாம். அடி பலமாக விழும். கசிந்த பெட்ரோல் ஆவி இருந்தால் தீயும் பிடிக்கும்.

செல்ஃப் அடித்து அடித்துப் பெட்ரோல் வாடை தூக்கலாக வந்தால் பிளக்குகள் நனைந்திருக்கும். ஆக்சிலேட்டரை முழுவதும் மிதித்தபடி ஐந்தாறு வினாடி செல்ஃப் அடித்தால், பெரும்பாலான புதிய வண்டிகள் பெட்ரோலை நிறுத்திக் காற்றை மட்டும் உள்ளே விட்டு உலர்த்தும். பேட்டரி ஓரளவு தளர்ந்திருந்தாலும் சில நேரம் செல்ஃப் எடுக்கும், வண்டி கிளம்பாது; மோட்டார் இழுக்கும் நேரத்தில் மின்னழுத்தம் மிகவும் விழுந்து கணினி தடுமாறும். ஆனால் அப்போது எஞ்சின் சோம்பலாகச் சுற்றுவது காதுக்கே தெரியும்.

அழுத்தம் குறைவதை இன்னொரு விதமாகக் காது சொல்லும். இயல்பாகச் சுற்றும் எஞ்சினில் 'கிர்ர்-கிர்ர்-கிர்ர்' என்று ஏற்ற இறக்கம் இருக்கும். ஒவ்வோர் ஏற்றமும் ஓர் உருளைக்குள் காற்று அழுத்தப்படும் நேரம். அந்தத் தாளம் இல்லாமல் 'விர்ர்ர்' என்று ஒரே சீராக, தையல் மிஷின் போல லேசாகச் சுற்றினால் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். அதற்கு மேல் ஒரு முறைகூடச் செல்ஃப் அடிக்கக் கூடாது. பட்டறைக்குக் கட்டி இழுத்துத்தான் போக வேண்டும்.

டீசல் வண்டியில் பொறியே கிடையாது. காற்றைப் பதினெட்டில் ஒரு பங்கு அளவுக்கு நெருக்கினால் அதன் வெப்பநிலை 500 டிகிரி செல்சியஸ் அளவுக்கு உயரும். பீய்ச்சிய டீசல் தானே பற்றும். டாங்கி காலியாகி நின்ற டீசல் வண்டியில், மறுபடி ஊற்றினாலும் குழாயில் காற்று புகுந்திருப்பதால் கிளம்பாது. உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கம் டிராக்டர் ஓட்டும் வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். நட்டைத் தளர்த்தி, கைப் பம்பை அமுக்கி, குமிழி நிற்கும் வரை காற்றை வெளியேற்றுவதை நமக்கு அவர்கள் சொல்லித் தருவார்கள். என் வகுப்பில் ஒரு மாணவன் அன்றுதான் முதன்முதலாகத் தானாக எழுந்து கரும்பலகைக்கு வந்தான்.

தேர்வுப் பணிகள் முடிந்து புதிய கல்வியாண்டு தொடங்கியதும் ஒரு ஞாயிறு திலகர் திடல் சந்தைக்குப் போனேன். பழைய பிளக், ரிலே, எரிந்த உருகிகள், ஓடாத ஒரு பெட்ரோல் பம்ப் எல்லாம் இருநூறு ரூபாய்க்குள் கிடைத்தன. மின்னோட்டவியல் பாடத்துக்கு அவை போதும். பள்ளி வளாகத்தில் காரை நியூட்ரலில் வைத்து, கைப் பிரேக் போட்டு, பம்ப் உருகியைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரைப் பேட்டரியில் வைத்தோம். சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட். செல்ஃப் அடிக்கும்போது 10.1. மோட்டார் 150 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டு திறனைக் கணக்கிடச் சொன்னேன். ஏறக்குறைய 1500 வாட், இரண்டு குதிரைத் திறன். காணாமல் போன 2.5 வோல்ட் எங்கே என்று ஒரு குழு கேட்டது. அக மின்தடையை அன்று நான் நடத்தவில்லை, அவர்களே கண்டுபிடித்தார்கள். மாணவர்கள் எஞ்சினிலிருந்து நான்கு அடி தள்ளி நிற்க வேண்டும், துப்பட்டா பெல்ட் பக்கம் போகக் கூடாது என்பதை மட்டும் கறாராகச் சொல்லிவிடுங்கள்.

அந்த வாரம் விடைத்தாள் திருத்தும்போதுதான் மெக்கானிக் அண்ணனின் கேள்வி மறுபடி என் காதில் விழுந்தது. ஒரு மாணவி. கணக்கீட்டு வினாக்கள் ஐந்தும் தவறு. பதிவேட்டில் மெல்லக் கற்போர் பட்டியலில் அவள் பெயரை நானே எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும், "பத்துத் தடவை எழுதிக்கிட்டு வா" என்று அனுப்பியிருக்கிறேன். அவளும் எழுதிக்கொண்டு வந்திருக்கிறாள். மதிப்பெண் மாறவில்லை.

இந்த முறை என்ன செய்யவில்லை என்பதை விட்டுவிட்டு, என்ன செய்திருக்கிறாள் என்று வரிவரியாகப் பார்த்தேன். சூத்திரம் சரி. மதிப்புகளைப் பிரதியிட்டது சரி. அலகு சரி. 6 வோல்ட், 0.5 ஆம்பியர்; மின்தடை 3 ஓம் என்று எழுதியிருந்தாள். ஐந்து கணக்குகளிலும் அதே இடத்தில்தான் வழுக்கியிருக்கிறாள். அரையால் வகுப்பதும் பாதியாக்குவதும் அவளுக்கு ஒன்று. ஓம் விதி அவளுக்குத் தெரியும். கீழ் வகுப்பில் எங்கோ விட்டுப்போன ஒரு தசம வகுத்தல்தான் தெரியாது. நான் வைத்த இம்பொசிஷன் எல்லாம், ஓடுகிற செல்ஃபுக்குப் பின்னால் நின்று வண்டியைத் தள்ளிய கதை.

"ஆறு லிட்டர் தண்ணிய அரை லிட்டர் பாட்டில்ல ஊத்தினா எத்தனை பாட்டில் ரொம்பும்?" என்று கேட்டேன். "பன்னெண்டு சார்" என்றாள் யோசிக்காமல். பிறகு தன் விடைத்தாளைப் பார்த்தாள். இரண்டு பாடவேளை போதுமானதாக இருந்தது. எல்லாருக்கும் இரண்டு பாடவேளை போதாது என்பதும் உண்மை. சிலரிடம் டைமிங் பெல்ட்டே அறுந்திருக்கும், அதற்கு நம் கைக்கருவிகள் பற்றாது. ஆனால் அதையும் கேட்டுப் பார்த்துத்தானே தெரிந்துகொள்ள வேண்டும்?

காருக்குத் திரும்புகிறேன். செல்ஃப் அடிப்பதற்கும் ஓர் அளவு உண்டு. ஒரு தடவைக்குப் பத்து வினாடிக்கு மேல் வேண்டாம். அடுத்த முறைக்கு ஒரு நிமிடமாவது இடைவெளி விடுங்கள். மூன்று முறை முயன்றும் கிளம்பவில்லை என்றால் நான்காவது முறை கிளம்பும் என்ற நம்பிக்கைக்கு அறிவியலில் இடமில்லை. அந்த நேரத்தில் பம்ப் ஓசை, விளக்குகள், உருகி என்று பார்க்கத் தொடங்கலாம். வண்டி எந்த அளவு உருகிகளைப் பயன்படுத்துகிறதோ அவற்றில் இரண்டிரண்டு, ஒரு டார்ச் விளக்கு, மாற்றுச் சாவி இருக்கும் இடம் தெரிந்த ஒருவரின் எண். தேர்வுக் காலத்தில் இவை கைவசம் இருக்கட்டும்.

ஒரே ஒரு சூழலில் செல்ஃபைத் தொடவே கூடாது. 2024 அக்டோபர் 25 அன்று மதுரையில் கொட்டிய மழையில் செல்லூர்ப் பகுதித் தெருக்களில் வெள்ளம் புகுந்தது நினைவிருக்கும். அப்படித் தேங்கிய நீரில் ஓட்டிப் போய் நின்றுவிட்ட வண்டியை, நீர் வடிந்ததும் உடனே கிளப்பிப் பார்க்கவே எல்லாருக்கும் கை போகும். காற்றிழுக்கும் குழாய் வழியாக எஞ்சின் உருளைக்குள் ஒரு டம்ளர் தண்ணீர் போயிருந்தால்கூடப் போதும். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. மேலே வரும் பிஸ்டன் தண்ணீரில் முட்டி நிற்கும்போது இணைப்புத் தண்டு வளைந்துவிடும். செலவு பல்லாயிரத்தில் போகும். சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றி வைத்துவிட்டு, பட்டறைக்கு ஆள் சொல்லி அனுப்புங்கள். அவர்கள் பிளக்குகளைக் கழற்றிய பிறகே எஞ்சினைச் சுற்றுவார்கள். தண்ணீர் இருந்தால் பிளக் துளை வழியாகப் பீறிட்டு வெளியே வரும். அதன் பிறகு எண்ணெயை மாற்றி, உலர்த்தி, அப்புறம்தான் செல்ஃப்.